பெடல் சுற்றிக் கேட்ட வெரித்தாஸ்

வெரித்தாஸ் வானொலியின் வரலாறு என்று எதை எடுத்தாலும் ஒரே கதைதான். 1958இல் தென்கிழக்காசிய ஆயர்கள் மணிலாவில் கூடினார்கள், ஆசியாவுக்கென்று ஒரு கத்தோலிக்க வானொலி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மேற்கு ஜேர்மனி காசு கொடுத்தது. 1969 ஏப்ரலில் நிலையம் திறந்தது. அடுத்த வருசம் பாப்பரசர் ஆறாம் பவுல் மணிலாவுக்கு வந்தார். அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் 1986. மணிலாப் பேராயர் கர்தினால் சின் வானொலியில் சனத்தைத் தெருவுக்குக் கூப்பிடுகிறார், பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் படையினர் ஒலிபரப்பியை அடித்து நொறுக்குகிறார்கள், நாலு நாளில் மார்க்கோஸ் நாட்டை விட்டே ஓடுகிறார், அந்த வருசமே வானொலிக்கு மக்சேசே விருது.

எல்லாம் உண்மை. பெருமைப்படவும் வேண்டும். ஆனால் இதில் நாங்கள் எங்கே?

நாங்கள் என்று நான் சொல்வது, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிச் சுற்றி அந்த வானொலியைக் கேட்ட சனத்தை. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இது கட்டுக்கதை மாதிரி இருக்கும். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். மிஞ்சினது சைக்கிள் டைனமோ. அது தருவது 6 வோல்ட், அதுவும் ஆடலோட்டம் (ஏசி). இடையில் டயோட் போட்டு நேரோட்டமாக்கித்தான் றேடியோவுக்குக் கொடுக்க வேணும். எங்கள் வீட்டில் அந்த வேலை சித்தப்பாவுடையது, சுற்றுகிற வேலை என்னுடையது. கை கொஞ்சம் சோர்ந்தால் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். "சுத்தடா, செய்தி போகுது" என்று அம்மம்மா சத்தம் போடுவா. இப்பவும் யாராவது ஜிம்மில் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்தால் எனக்குச் செய்தி ஞாபகம்தான் வரும்.

அம்மம்மா சைவப் பழம். மூன்று குறி திருநீறு இல்லாமல் படலை தாண்ட மாட்டா. அப்படிப்பட்ட மனுசி, பின்னேரம் தேவாரம் முடிய, கத்தோலிக்க வானொலிக்குக் காது கொடுத்துக்கொண்டு இருப்பா. செய்தி முடிந்து செபமும் சிந்தனையும் வந்தாலும் நிற்பாட்டச் சொல்ல மாட்டா. "நல்ல தமிழ்தானே, கேட்டால் என்ன" என்பா. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் அந்த வானொலியால் மதம் மாறவில்லை. அவ்வளவு பேரும் கேட்டார்கள்.

ஏன் கேட்டோம்? தமிழில் வெளியிலிருந்து வந்த குரல்கள் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவை. கொழும்பு சொல்வதை நாங்கள் நம்பவில்லை, உள்ளூரில் சொல்வதை முழுக்க நம்பவும் பயம். பிபிசி தமிழோசை ஒரு பக்கம், வெரித்தாஸ் மறுபக்கம். இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறதென்று சித்தப்பா கணக்குப் பார்ப்பார். வெரித்தாஸ் தமிழ்ப்பணி ஒரு பக்கம் சாய்கிறது என்ற குற்றச்சாட்டும் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. இதில் இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது: அதே நிலையத்தில் சிங்களச் சேவையும் இருந்தது. இங்கே நாங்கள் இரண்டு முகாமாகக் கிடந்தபோது, எங்கள் இரண்டு மொழியும் மணிலாவில் ஒரே வானொலியில் வேலை செய்துகொண்டிருந்தன.

95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது றேடியோவும் வந்தது. தென்மராட்சியில் அந்தச் சைக்கிளுக்குப் பகலில் மூட்டை சுமக்கிற வேலை, இரவில் மின்சார சபை வேலை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். வானொலியின் வரலாற்றை எப்போதும் ஒலிபரப்பிப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறார்கள். யார் காசு கொடுத்தார், எந்த ஆயர் திறந்தார், எத்தனை மொழி என்று. கேட்கிற பெட்டியின் பக்கத்திலிருந்து ஒருவரும் எழுதுவதில்லை. பிலிப்பைன்ஸின் சாம்பாலஸ் மாகாணத்துப் பலாவிக்கில் 250 கிலோவாட் ஒலிபரப்பி நின்றது என்பது பாதிக் கதை. அங்கிருந்து வானுக்கு ஏறிய சிற்றலை, அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து, நாலாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் ஒரு 6 வோல்ட் டைனமோவில் வந்து இறங்கியது மிச்சப் பாதி. கேட்டவனின் பெயரைச் சிற்றலை கேட்காது. எவன் கேட்கிறான், எந்தச் சமயம், எந்த வீடு என்று மணிலாவுக்கும் தெரியாது, சந்தியில் காவல் நிற்கிறவனுக்கும் தெரியாது. பயந்த சனத்துக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு.

2018 ஜூன் 30ஆம் திகதி சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனார்கள். இது முன்னேற்றம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். ஒலிபரப்பி தின்கிற மின்சாரச் செலவு எனக்கும் விளங்குகிறது, பெட்டி வைத்துக் கேட்கிறவர்கள் அருகிப் போனதும் விளங்குகிறது. ஆனால் செயலியில் கேட்கிறவன் எண்ணப்படுகிறான், அவன் போனில் அது பதிவாகிறது. பெயர் தெரியாமல் கேட்கிற உரிமை அன்றைக்குப் போனது. அதைப் பற்றி ஒரு வரியாவது யாரும் எழுதியிருக்கலாம்.

திருச்சபையிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுவிழா மலரில் பாப்பரசர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த சைக்கிளையும் போடுங்கள். நேயர் கடிதங்களும் ஒலிநாடாக்களும் உங்களுடைய சொத்து மட்டுமல்ல, போர்க்காலத் தமிழரின் ஆவணம். எண்ணிமப்படுத்தி 'நூலகம்' இணையத்தளம் போன்ற இடத்தில் பொதுவில் வையுங்கள். இங்கேயும் யாராவது அந்தக் காலத்தில் கசற்றில் பிடித்து வைத்திருந்தால் எறிந்துவிடாதீர்கள், பூஞ்சணம் பிடித்தாலும் பரவாயில்லை.

கனடாவில் இருக்கிற மச்சான் வெரித்தாஸின் இணைய இணைப்பு அனுப்பியிருந்தான். சித்தப்பாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். இரைச்சல் இல்லை, மங்குதல் இல்லை, தொட்டவுடனே குரல். கொஞ்ச நேரம் கேட்டார். கை தானாகவே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு சொன்னார்: "பக்கத்து வீட்டு றேடியோ மாதிரிக் கிடக்கு."