எருக்கு முளைத்த பத்திரிகை

(சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பின்கட்டு. ஆடி மாதம். பதினெட்டாம் பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டும் என்று ஊரே தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும் சமயம். பெரியப்பா முதலாளிதான், ஆனாலும் நகக்கண்ணில் மை போனதில்லை. செல்வி அவருடைய தம்பி மகள். பெரியப்பாவிடமே அச்சகம் இருக்க, சென்னைக்குப் போய்க் காசு கட்டி அச்சடிக்கக் கற்றுக்கொண்டு வந்தவள்.)

செல்வி: பெரியப்பா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபப்படக் கூடாது.

பெரியப்பா: முதலில் இதைச் சொல். இந்த இலைப் படத்தின் மூலையில் பென்சிலால் 3/12 என்று எழுதியிருக்கிறாயே, டிசம்பர் மூன்றாம் தேதி என்ன விசேஷம்?

செல்வி: தேதி இல்லை பெரியப்பா. பன்னிரண்டு பிரதிகளில் இது மூன்றாவது.

பெரியப்பா: பன்னிரண்டாயிரமா?

செல்வி: பன்னிரண்டு.

பெரியப்பா: (நாற்காலியைத் தேடி உட்கார்கிறார்) தாயி, இங்கே மெஷினை ஓட்டி ரிஜிஸ்டர் பிடித்து, நிறத்தின்மேல் நிறம் இடம் தப்பாமல் உட்காருவதற்குள் இருநூறு தாள் வீணாகும். உன் மொத்தத் தொழிலும் என் குப்பைக் கூடையிலேயே பதினாறு தடவை நடந்துவிடும்.

செல்வி: பன்னிரண்டு முடிந்ததும் படம் செதுக்கிய கட்டையைக் குறுக்கே கீறிவிடுவேன். அப்புறம் யாராலும் அடிக்க முடியாது.

பெரியப்பா: நல்ல கட்டையையா? என் அப்பா காலத்துப் பிள்ளையார் பிளாக் இன்னும் பரண்மேல் இருக்கிறது. எத்தனை கல்யாணத்தை நடத்தி வைத்த பிள்ளையார் தெரியுமா? தும்பிக்கை நுனி தேய்ந்துவிட்டது. அவரைக் கீற எனக்கு மனசு வருமா?

செல்வி: கீறினால்தான் வாங்குகிறவருக்கு நம்பிக்கை. ஒரு படம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

பெரியப்பா: (மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) யாராவது வாங்கினார்களா?

செல்வி: நான்கு போயிருக்கிறது.

பெரியப்பா: சரி, பன்னிரண்டும் ஒரே மாதிரியாவது இருக்கிறதா? இதில் மை திட்டுத் திட்டாக நிற்கிறது. அதில் காம்பு நகர்ந்திருக்கிறது.

செல்வி: அதுதான் அழகு. கையால் அடித்தது என்று தெரிகிறதே.

பெரியப்பா: இதே அழகுக்காக நான் இரண்டு மெஷின்மேன்களின் சம்பளத்தைப் பிடித்திருக்கிறேன். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல. கட்டை என்ன மரம்?

செல்வி: மரமில்லை, லினோலியம். ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணியில் படியவைப்பது. தரைக்கு விரிப்பார்களே, அதேதான். செதுக்க வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒன்றுதான் தப்பாகிவிட்டது. ‘எருக்கு’ என்று தலைப்பை நேராகச் செதுக்கிவிட்டேன். தாளில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழுந்துவிட்டது.

பெரியப்பா: (தாளை வாங்கிப் பார்த்து) எங்கே தப்பு? எருக்கு என்று அட்சரசுத்தமாக இருக்கிறதே.

செல்வி: பெரியப்பா, அது தலைகீழாக இருக்கிறது!

பெரியப்பா: பதினேழு வருஷம் அச்சுக் கோத்த கண் அம்மா. இடவலம் மாறிய ஈய எழுத்தில்தான் இந்தக் கண்ணுக்குத் தமிழே தெரியும். எனக்குப் பேருந்துப் பலகை படிப்பதுதான் கஷ்டம்.

(இது பொய். பேருந்துப் பலகையையும் நன்றாகவே படிப்பார். ஏற விரும்பாதபோது மட்டும் தெரியாது.)

செல்வி: அந்த நீலப் படங்களைப் பார்த்தீர்களா? அதற்கு மெஷினே வேண்டாம். இரண்டு இரும்பு உப்புகளை நீரில் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே ஆவாரங்கொத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் கால் மணி நேரம். கழுவினால் இலை வெள்ளை, மற்றதெல்லாம் நீலம்.

பெரியப்பா: வெளிச்சம் பட்ட இடம் தங்கும், படாத இடம் தண்ணீரில் போகும். பிளேட் எடுக்கிற வேலைதானே இது? இதற்கா சென்னை?

செல்வி: நம் பழைய வீட்டுக்கு நீல வரைபடம் இருந்ததே, அதே ரசாயனம்தான். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை வைத்து இப்படியே புத்தகம் போட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு பக்கமும் வெயிலில் வைத்து எடுத்தது. முடிக்கப் பத்து வருஷம்.

பெரியப்பா: அந்த ஊர் வெயிலை வைத்துக்கொண்டா? அதுதான் பத்து வருஷம். இங்கே வந்திருந்தால் ஒரு சித்திரையில் முடித்துக் கொடுத்திருப்போம். மழை குறைந்த ஊர் என்றுதான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே நிலைத்தன. இப்போது நீயும். அந்தக் கையளவுப் புத்தகம் என்ன?

செல்வி: இது ஜீன்.

பெரியப்பா: சீனியா? எனக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே.

செல்வி: ஜீன்! மேகஸீனின் வால். 1930களில் அமெரிக்காவில் அறிவியல் கதை ரசிகர்கள் தாங்களே எழுதி, தாங்களே அடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அந்த வழியில் வந்த பெயர். ஆசிரியர், ஓவியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எல்லாம் நான்.

பெரியப்பா: கடன் கொடுத்துத் திரும்ப வாங்காதவரும் நீதான். எத்தனை ஃபாரம்?

செல்வி: ஒரே ஏ4 தாள். நடுவில் ஒரு வெட்டு. மடித்தால் எட்டுப் பக்கம். பசையும் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

பெரியப்பா: (பிரிக்கிறார், மடிக்கிறார், மறுபடி பிரிக்கிறார், முகம் சின்னப் பையனுடையதாகிறது) அட... ஆனால் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே? காகிதக் கடைக்காரர் இரண்டு பக்கத்துக்கும்தானே காசு வாங்குகிறார்? அங்கே நம் அச்சக விளம்பரம் போடலாம்.

செல்வி: பெரியப்பா, நான் சொல்ல வந்த விஷயம்...

பெரியப்பா: சொல்.

செல்வி: நேற்று நம் கூடத்தில் நிர்மாணக் கலை ஒன்று வைத்தேன், இன்ஸ்டலேஷன் என்பார்களே அது. முற்றின எருக்கங்காய்கள் நூற்றிருபதை உத்தரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். காய் வெடித்துப் பஞ்சு மெல்ல இறங்க வேண்டும் என்பது யோசனை.

பெரியப்பா: அது கலையா? உன் பெரியம்மா திருஷ்டிக்கு என்று நினைத்துக் கற்பூரம் காட்டினாளே!

செல்வி: ராத்திரி ஆடிக் காற்று. எல்லாம் சேர்ந்து வெடித்துவிட்டது. கீழே ஸ்கிரீனில் அடித்த கல்யாணப் பத்திரிகை அறுபதைக் காயவைத்திருந்தார்கள். தங்க மை ஈரம்...

பெரியப்பா: ஆவணி முகூர்த்தப் பத்திரிகையா?

செல்வி: பிள்ளையாருக்கு வெள்ளைத் தாடி முளைத்துவிட்டது. மாப்பிள்ளை பெயருக்கு மீசை.

பெரியப்பா: அடிப் பாவி! ‘உன் வீட்டில் எருக்கு முளைக்க’ என்று ஊரில் சாபம் இடுவார்கள். நீ முகூர்த்தப் பத்திரிகையிலேயே முளைக்க வைத்துவிட்டாயே! காலையில் பெண்ணின் அண்ணன் வந்து மாதிரிக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போனாரே...

(கைப்பேசி ஒலிக்கிறது. பெரியப்பா அதைத் தேள்போல் எடுக்கிறார்.)

பெரியப்பா: வணக்கம் அண்ணாச்சி... ஆமாம், பார்த்தேன்... என்ன சொல்கிறீர்கள்?... பெண்ணுக்கா?... ஆமாம் ஆமாம், கைவேலைதான்... பஞ்சா? அது வெள்ளெருக்கு அண்ணாச்சி. பிள்ளையாருக்கு உகந்தது. பார்த்துப் பார்த்து வைத்தது... அட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய் கூட ஆகும்... சரி அண்ணாச்சி.

(வைக்கிறார். நெடுநேரம் உத்தரத்தையே பார்க்கிறார்.)

பெரியப்பா: ஐந்நூறும் அப்படியே வேண்டுமாம். காய் எவ்வளவு மிச்சம்?

செல்வி: கண்மாய்க் கரை முழுக்க இருக்கிறது. ஆனால் அது வெள்ளெருக்கு இல்லையே?

பெரியப்பா: பஞ்சு வெள்ளைதானே? ஒன்று மட்டும் கேட்டுக்கொள். ஐந்நூறிலும் பஞ்சு ஒரே இடத்தில் விழ வேண்டும். தாடி தாடியில், மீசை மீசையில். ரிஜிஸ்டர் தவறக் கூடாது.

செல்வி: காற்றில் விழுவது பெரியப்பா! ஒவ்வொன்றும் வேறு மாதிரிதான் இருக்கும்.

பெரியப்பா: (யோசிக்கிறார்) அப்படியானால் பென்சிலை எடு. மூலையில் நீயே எழுது. ஒன்றின் கீழ் ஐந்நூறு, இரண்டின் கீழ் ஐந்நூறு...

செல்வி: ஐந்நூறிலுமா?

பெரியப்பா: ஐந்நூற்றைம்பதாக எழுது. வேஸ்டேஜ் போகும்.