காணாக்கடிக்குப் புரோபயாடிக்: குடிக்கலாம், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

காணாக்கடி எனப்படும் நாள்பட்ட தடிப்பு அரிப்புக்குப் புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய பொடி, கேட்குமா என்ற கேள்வி நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருப்பமும் வசதியும் இருந்தால், மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகச் சாப்பிடாதீர்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கும் இந்த நோய் உண்டு. விடியற்காலையில் முதுகு, தொடை, இடுப்பு எல்லாம் வரிவரியாகத் தடித்திருக்கும். லீவு போட்டுவிட்டு கிளினிக்கில் போய் உட்கார்ந்தால், காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் மறைந்து, வேறோர் இடத்தில் புதிதாகக் கிளம்புவதுதான் இந்த நோயின் இயல்பு. சிலருக்கு உதடும் இமையும் வீங்கும். 6 வாரத்துக்கு மேல் இப்படி வந்துகொண்டே இருந்தால் அது நாள்பட்டது. ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்கு. இது யாருக்கும் தொற்றாது. எம்ஆர்டி ரயிலில் நம் கையைப் பார்த்துத் தள்ளி நிற்பவர்களுக்கு இது தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது, "என்ன சாப்பிட்ட?" என்ற விசாரணை. மாமியார் கத்திரிக்காயை நிறுத்தச் சொல்வார், அம்மா கருவாட்டை, பக்கத்து வீட்டு அக்கா முட்டையை. கடைசியில் ரசமும் சோறும்தான் மிஞ்சும், தடிப்பும் போகாது. காரணம் இருக்கிறது. நாள்பட்ட வகையில் உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது அபூர்வம். தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுவதால் தடிப்பு வருகிறது. அவற்றைத் தூண்டிவிடுவது பலருக்கு உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களேதான் (ஆன்டிபாடி). இந்த நோயாளிகளிடம் தைராய்டுக் கோளாறு கூடுதலாகக் காணப்படுவதும் இதனால்தான். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இதைக் கிளறிவிடும். கத்திரிக்காயை விசாரிப்பதற்கு முன் அந்த மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இதில் குடலுக்கு என்ன வேலை? நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அவற்றோடு ஓயாமல் உறவாடுகின்றன. இந்த நோய் உள்ளவர்களின் குடல் பாக்டீரியாக்கள் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நார்ச்சத்தை நொதிக்க வைத்து, குடல் சுவருக்கு நல்லது செய்யும் கொழுப்பு அமிலங்களைத் தரும் வகைகள் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. ஆகவே புரோபயாடிக் என்பது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு இன்னும் உறுதியான பதில் கிடைக்கவில்லை, அவ்வளவே.

2016-ல் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வழக்கமான மருந்துக்கு அடங்காத நோயாளிகளுக்கு, மருந்தோடு சேர்த்து லாக்டோபாசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வகைகளில் ஒவ்வொன்றை 8 வாரம் கொடுத்தார்கள். கணக்கில் வந்த 38 பேரில் 9 பேருக்கு லேசாகக் குறைந்தது. ஒருவருக்கு நன்றாகக் குறைந்தது, இன்னொருவருக்கு முழுதாக நின்றது. 27 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. வெறும் மாவை மருந்து போலக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவும் அதில் இல்லை. பிறகு வந்த சில ஆய்வுகளில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிடக் கூடவே புரோபயாடிக்கும் எடுத்தவர்கள் கொஞ்சம் தேறினார்கள். நல்ல செய்திதான். ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், சில வாரங்களே நடந்தவை, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியா.

ஒப்பிடும் குழு ஏன் முக்கியம் என்றால், இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். பலருக்குச் சில ஆண்டுகளில் தானாகவே நின்றும் போகும். கடைசியாக எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். அருகம்புல் சாறு குடித்தபோது நின்றிருந்தால் அருகம்புல், பொடி கரைத்துக் குடித்தபோது நின்றிருந்தால் பொடி. "எனக்குச் சரியாகிவிட்டது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதை மட்டும் வைத்து இன்னொருவர் மருந்தை நிறுத்தக் கூடாது.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான். எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, தினமும் மாத்திரை போட்டா கிட்னி போயிடுமாமே? அதான் ரொம்ப அரிச்சா மட்டும் போடுறேன். இப்ப பொடி வாங்கியிருக்கேன்." அவளைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் போட வேண்டும் என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோபெனடின், பிலாஸ்டின் போன்ற, ஹிஸ்டமினைத் தடுக்கும் புதிய தலைமுறை மாத்திரைகளை அரித்த பிறகு போடுவதைவிடத் தினமும் தவறாமல் போடுவதுதான் முறை. பல ஆண்டுகள் எடுத்தாலும் பாதுகாப்பானவை என்று நன்கு அறியப்பட்டவை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிலவற்றின் அளவைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். ஒரு மாத்திரை போதவில்லை என்றால், மருத்துவர் பார்வையில் நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்று உலக அளவிலான சிகிச்சை நெறிமுறைகளே சொல்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் 4 வாரத்துக்கு ஒரு முறை போடும் ஒமலிஸுமாப் ஊசி இருக்கிறது. அதற்குப் பிறகும் வழி உண்டு. இவ்வளவு படிகள் இருக்க, முதல் படியில் பாதி ஏறி நின்று தூக்கம் கெட்டுத் தவிக்கும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு முதலில் வேண்டியது பொடி அல்ல. பலதுறை மருந்தகத்தில் கேட்டு, தேவைப்பட்டால் மாண்டலே ரோட்டிலுள்ள தேசியத் தோல் நிலையத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்குவதுதான்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் இவை சத்துப் பொருள்கள் என்ற வகையில் வருகின்றன. விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. 'பல நூறு கோடி நல்ல பாக்டீரியா' என்று டப்பாவில் போட்டிருப்பதால் காணாக்கடிக்குக் கேட்கும் என்று ஆகிவிடாது. ஒரு வகை செய்வதை இன்னொன்று செய்யாது. லாக்டோபாசிலஸிலேயே சில இனங்கள் தாமாகவே ஹிஸ்டமினைச் சுரப்பவை.

நல்ல பாக்டீரியாதானே, கெடுதல் என்ன என்று கேட்பார்கள். பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை, கொஞ்சம் வயிறு உப்பும். ஆனால் நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குழுவில் இறப்பு கூடியது. அது வேறு நோய், மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்கள். இருந்தாலும், காணாக்கடிக்கே சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

முயன்று பார்ப்பதென்றால் முறையாகச் செய்யுங்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாளில் தடிப்பே இல்லை என்றால் 0, 20-க்குக் குறைவு என்றால் 1, 50 வரை 2, அதற்கு மேல் 3. அரிப்புக்கும் அதேபோல 0 முதல் 3 வரை. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. பொடியைத் தொடங்கும் முன்பே சில வாரங்கள் இதை எழுதி வையுங்கள். பிறகு மாத்திரையையும் சாப்பாட்டையும் மாற்றாமல் பொடியை மட்டும் சேர்த்து, 8 வாரம் எழுதுங்கள். எண் இறங்கவில்லை என்றால் அடுத்த டப்பா வாங்காதீர்கள். தடிப்பைக் கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட உதவும். தயிரும் பழைய சோறும் பிடித்தால் சாப்பிடுங்கள். அவை சாப்பாடு, அவற்றை மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே நாளில் அரிப்பைப் போக்கும் 'மூலிகை' மாத்திரை என்று யாராவது கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். இப்படி விற்கப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் கண்டு ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே சில காலமாகச் சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எதற்கும் காத்திருக்காமல் 995-ஐ அழையுங்கள்.

இங்கே ஒமலிஸுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்கள் யாராவது இதைப் படித்தால், செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள், மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, காப்புறுதி எவ்வளவு கைகொடுத்தது என்று கீழே எழுதுங்கள். ஊசி விலை அதிகம் என்று கேள்விப்பட்டே மருத்துவரிடம் பேசாமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.