பெலாஜியோ படகுத்துறையிலேயே போச்சு ஒரு நாள்

இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போகிறவர்களுக்கு இதை யாராவது முன்னாடியே சொல்லிவிடுங்கள். முழு நாள் பாஸ் வாங்கிவிட்டதாலேயே படகில் இடம் கிடைத்துவிடாது. கவுண்டரில் காசை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைத் தருகிறார்கள், அப்புறம் அங்கே போய் நில் என்று கை காட்டுகிறார்கள், அவ்வளவுதான். படகு வருகிறது, நிரம்புகிறது, நமக்கு முன்னால் சங்கிலியை இழுத்து மாட்டிவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறது. அடுத்தது எப்போது, அதிலாவது ஏற முடியுமா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள்.

மிலானிலிருந்து வரென்னாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து ஏரியைக் குறுக்கே கடந்தால் பெலாஜியோ, படகில் வெறும் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஜூலை வெயிலில், தலைக்கு மேல் ஒரு கூரைகூட இல்லாமல், கைக்குழந்தைக்காரர்களும் ஊன்றுகோல் பிடித்த பெரியவர்களுமாக அத்தனை பேரையும் நிற்க வைப்பது என்ன நியாயம்? இதில் மெதுப் படகு, வேகப் படகு, கார் ஏற்றும் ஃபெர்ரி என்று வகை வகையாக வேறு. வேகப் படகுக்குத் தனிக் கட்டணம், எல்லாம் ஒரே துறையில் வந்து நிற்பதும் கிடையாது, வேலை நாளுக்கு ஒரு நேரம் விடுமுறை நாளுக்கு ஒரு நேரம் என்று பொடி எழுத்தில் ஒரு அட்டவணை, அதன் முன்னால் முட்டி மோதிக்கொண்டு ஒரு கூட்டம்.

நாமாவது ஊர் சுற்ற வந்தவர்கள். எனக்குத் தாங்கவே முடியாதது உள்ளூர்க்காரர்கள் படும் பாடு. ஏரி இரண்டு கிளையாகப் பிரியும் முனையில் இருக்கிறது பெலாஜியோ, நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். எதிரே கண்ணுக்குத் தெரிகிற வரென்னாவுக்குச் சாலை வழியாகப் போகவேண்டுமானால் தெற்கே லெக்கோ வரை போய் ஏரியைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அவர்களுக்குப் படகுதான் பஸ். காய்கறிப் பையோடு ஒரு பாட்டி எங்கள் பின்னால் நின்றுகொண்டே இருந்தார், படமெடுக்க வந்த கூட்டம் முன்னால் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

இவ்வளவு நின்று கரை இறங்கினால் ஊரைப் பார்க்க நேரம் எங்கே மிஞ்சுகிறது? நெப்போலியன் காலத்தில், 1808இல் கட்டத் தொடங்கிய வில்லா மெல்சி, ஏரிக்கரையை ஒட்டிய அதன் தோட்டம், அதற்கே அரை நாள் வேண்டும். சான் ஜாக்கோமோ தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கல் கட்டடம், உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஏரி பிரியும் ஸ்பார்திவென்தோ முனை வரை நடக்கலாம். நாங்கள் படிக்கட்டுச் சந்து ஒன்றில் ஏறி இறங்கினோம், உடனே திரும்பும் படகுக்கு வரிசை.

'ஒரே நாளில் பெலாஜியோ, வரென்னா, மெனாஜ்ஜோ' என்று வீடியோ போடுகிறவர்களே, அதில் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். படகு விடுகிறவர்களே, ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? டிக்கெட்டில் படகு நேரத்தை அச்சடித்து அந்த அளவுக்கு மட்டும் விற்றால் என்ன? ஊர்க்காரர்களை முதலில் ஏற்றுங்கள். அந்த வரிசைக்கு மேல் ஒரு கூரையாவது போடுங்கள்.