நிபா வைரஸ் ஆன்டிபாடி பத்தி சுத்துற ஆடியோ, நம்பாதீங்க

நேத்து ராத்திரி எங்க செந்தூல் பிளாட் குரூப்ல ஒரு ஆடியோ, "நிபா புடிச்சா ஒருத்தரும் தப்ப மாட்டாங்க, ரத்தத்துல ஆன்டிபாடி இருந்தா வைரஸ் உள்ளயே இருக்கு, கிட்ட போகாதீங்க"ன்னு. ரெண்டுமே தப்புங்க.

1998-99ல நம்ம மலேசியாவுல 265 பேருக்கு நிபா வந்து 105 பேர் இறந்தாங்க, கொடுமைதான், ஆனா மீதிப் பேர் பொழைச்சாங்கல்ல. அப்ப அது பன்னிங்ககிட்ட இருந்து பரவுச்சு. அதே சமயம் சிங்கப்பூர்ல, பன்னி அறுக்குற எடத்துல வேல செஞ்சவங்க மாதிரி ஆபத்துல இருந்த 1,469 பேரோட ரத்தத்த டெஸ்ட் பண்ணி பாத்தா 22 பேருக்கு ஆன்டிபாடி, அதுல 10 பேருக்கு ஒரு அறிகுறியும் இல்ல, வந்துட்டு போனதே தெரியல!

ஆன்டிபாடின்னா உடம்பு சண்ட போட்ட தடம், டெங்கி வந்து போனத காட்டுற ஐஜிஜி ரத்த டெஸ்ட் மாதிரி. இப்ப வைரஸ் இருக்கான்னு பாக்குறதுக்கு பிசிஆர்னு வேற டெஸ்ட் இருக்கு. கொஞ்ச பேருக்கு பல மாசம் கழிச்சு மூளைக்காய்ச்சல் வந்தது உண்மைதான், அத மறைக்கல, ஆனா அதுக்காக ஆன்டிபாடி இருக்குற பக்கத்து வீட்டு அங்கிள் கூட லிஃப்ட்ல ஏறாம நிக்கிறதெல்லாம் ஓவர் லா.

சந்தேகம்னா டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார நிறுவனம்) வெப்சைட்ல நிபா பக்கத்த படிங்க, இல்ல கேகேஎம்ல (நம்ம சுகாதார அமைச்சு) பாருங்க. அந்த ஆடியோவ டிலீட் பண்ணிடுங்க, குடும்ப குரூப்புக்கு தள்ளி விடாதீங்க.