வேட்புமனு ஏற்கப்பட்டால் வேட்பாளர் சுத்தம் என்று பொருளல்ல

"ஊழல் வழக்கு இருந்தால் தேர்தல் ஆணையமே மனுவைத் தள்ளுபடி செய்துவிடும், மனு ஏற்கப்பட்டவர் சுத்தமானவர்தான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு, அதுவும் தேர்தல் நேரத்தில் பலரை ஏமாற்றக்கூடிய தவறு.

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, நீதிமன்றம் தண்டித்தால்தான் தகுதி போகும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் வெறும் அபராதம் விதித்தாலே ஆறு ஆண்டு போட்டியிட முடியாது. சரி, தண்டனை வரும் வரை? வழக்குப் பதிவாகியிருக்கலாம், குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கலாம், விசாரணை பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருக்கலாம். அவர் தாராளமாக நிற்கலாம்.

இன்னொன்று, தேர்தல் நடத்தும் அலுவலர் புலனாய்வு செய்பவர் அல்ல. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் கட்டங்களைக் காலியாக விட்டால் மனுவை நிராகரிக்கலாம். எழுதியிருப்பது உண்மையா என்று தோண்டிப் பார்ப்பது அவர் வேலையில்லை. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு, ஆனால் அதற்குத் தனியாக வழக்கு நடக்க வேண்டும். அதற்குள் தேர்தலே முடிந்துவிடும்.

விசாரணை நடக்கிறது என்பதாலேயே ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லவும் கூடாது, அது வேறு விஷயம். ஆனால் வழக்கு, சொத்து, கடன் எல்லாம் படிவம் 26 என்ற அந்தப் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. இவற்றைத் தெரிந்துகொள்வது உச்ச நீதிமன்றத்தின் 2002 தீர்ப்பால் நமக்குக் கிடைத்த உரிமை. ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். போன தேர்தலில் காட்டிய சொத்தையும் இப்போது காட்டியதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். மனுவை ஏற்கும் அலுவலர் அந்த வேலையை நமக்காகச் செய்வதில்லை.