சிங்கமீனைத் தின்றே தீர்த்துவிடலாமா?

"வேண்டாத மீன் கடல்ல பெருகுதா? பிடிச்சு வறுத்துத் தின்னா முடிஞ்சுது." நச்சு முள்ளோடு மத்தியதரைக் கடலில் வந்தேறிப் பெருகிவரும் சிங்கமீனைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கிருஷ்ணகிரிக்காரனாகச் சொல்கிறேன், அது நடக்காது.

சிங்கமீன் ஒன்றும் புதுசாக முளைத்த பூதம் இல்லை, நம் இந்தியப் பெருங்கடலுக்குச் சொந்தமானதுதான். செங்கடலில் இருந்து சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் போனது. 1991-இல் இஸ்ரேல் பக்கம் ஒன்று சிக்கியது, அதோடு சரி, இருபது வருஷம் சத்தமே இல்லை. 2012-இல் லெபனானில் மறுபடி தென்பட்டது, அப்புறம் மளமளவென்று சைப்ரஸ், கிரீஸ், 2016-இல் இத்தாலி. நடுவில் கடல் சூடேறியிருந்தது. தண்ணீர் 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்த மீன் இரை எடுக்காது, 10 டிகிரி வாக்கில் செத்தே போகும். அந்தக் குளிர் இப்போது முன்னைப்போல இல்லை.

முட்டையிடும் விதத்தைக் கேளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் ஆண் மீன் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும், இரண்டும் மேலே எழும்பும், பெண் வழவழவென்று இரண்டு பசை உருண்டைகளை விடும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் முட்டை. உருண்டை மிதந்துகொண்டே போகும், ரெண்டு நாளுக்குள் பொரிந்துவிடும், குஞ்சு கிட்டத்தட்ட ஒரு மாதம் நீரோட்டத்தோடு போய் எங்கேயோ ஒரு பாறையில் இறங்கும். வருஷம் முழுக்கத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிற பஹாமாஸ் பக்கம் (அங்கேயும் இது வந்தேறிதான்) சில நாளுக்கு ஒருமுறை இதே வேலை, ஒரு தாய்க்கு வருஷத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் முட்டை. மத்தியதரைக் கடலில் இப்போதைக்குக் கோடையில்தான் மும்முரம், ஆனால் கோடை நீண்டால் இதுவும் நீளும் இல்லையா?

இப்போது நம்ம ஜிலேபி மீனுக்கு வருவோம். 1952-இல் இலங்கையிலிருந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்குக் கொண்டுவந்த மீன். தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், ஆபத்து என்றால் குஞ்சுகள் மறுபடி வாய்க்குள் ஓடிவிடும். எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் மசாலா தடவி, ஓரம் மொறுமொறுவென்று வறுத்துத் தருவதை நாமும் தலைமுறையாகத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். தீர்ந்ததா?

பிடிப்பது வீண் என்று சொல்லவில்லை. விடாமல் பிடிக்கிற இடங்களில் குறைகிறது. ஆனால் அட்லாண்டிக் சிங்கமீனுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, பெருக்கத்தை அடக்க மாதாமாதம் வளர்ந்த மீன்களில் 27 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும். முக்குளிப்பவர் எட்டாத ஆழத்தில் இருப்பதை யார் பிடிப்பது?

சூயஸ் வழியில் இருக்கும் கசப்பு ஏரிகளின் கடும் உப்பு ஒரு காலத்தில் நிறைய மீன்களை மறித்தது, அது கரைந்து போய்விட்டது. அந்த உப்புத் தடையை மறுபடி உண்டாக்கலாம் என்று சிலர் சொல்வதைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறோம்? வரும் வழியை அடைப்பதில் நாமும் கோட்டைதான் விடுகிறோம்: உள்ளூர் மீன்களைத் தின்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாட்டில் தடை செய்து இத்தனை வருஷம் கழித்தும் நம் மாவட்டத்திலேயே குட்டை வெட்டித் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். அடைமழையில் ஒரு கரை உடைந்தால் அது நேரே தென்பெண்ணைக்குத்தான் போகும். அப்போதும் "வறுத்துத் தின்னலாம்" என்பீர்களா?