அறுந்த பார்வை நரம்பை வளரவைத்துப் பார்வை தந்தார்களா? உண்மை விளக்கம்

"அறுந்த பார்வை நரம்பை மீண்டும் வளரவைத்துப் பார்வையற்றோருக்குப் பார்வை தரும் வித்தையை கனடா விஞ்ஞானி 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார், மறைத்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, மீதி கற்பனை.

அந்த விஞ்ஞானி ஆல்பர்ட் அகுவாயோ. அர்ஜென்டினாவில் பிறந்தவர், மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மூளை, தண்டுவட நரம்புகள் அறுந்தால் வளராது என்பதே அன்றைய பொதுக் கருத்து. அவர் கேட்ட கேள்வி எளியது: வளராதது நரம்பணுவின் குறையா, சுற்றியிருக்கும் சூழலின் குறையா? வளர்ந்த எலியின் பார்வை நரம்பை அறுத்து, அந்த இடத்தில் அதே எலியின் கால் நரம்புத் துண்டை ஒட்டினார்கள். விழித்திரை அணுக்களின் இழைகள் அந்தத் துண்டுக்குள் நெடுந்தூரம் வளர்ந்தன. அதாவது, குறை பெரும்பாலும் சூழலில்தான். 1987இல் சில இழைகள் நடுமூளைவரை போய் அங்கே இணைப்பும் உண்டாக்கியதைக் காட்டினார்கள். அப்புறம் வெள்ளெலிகளில் (ஹாம்ஸ்டர்), கண்ணில் ஒளி பட்டதும் மூளை அணுக்கள் பதில் தந்ததும் பதிவானது. பிரமாதமான வேலைதான், சந்தேகமில்லை.

ஆனால் நரம்பை அறுத்த சில வாரங்களிலேயே, அந்த நரம்பிழைகளுக்குச் சொந்தமான விழித்திரை அணுக்களில் பெரும்பாலானவை செத்துவிடும். பிழைத்தவற்றிலும் கொஞ்சமே வளர்ந்தன. மனிதப் பார்வை நரம்பிலோ சுமார் 10 லட்சம் இழைகள். ஒவ்வொன்றும் சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும். இந்த முறையில் எந்த மனிதருக்கும் பார்வை திரும்பவில்லை. 2023இல் நியூயார்க்கில் முழுக் கண்ணையே பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை.

மறைத்தார்கள் என்பதும் சரியில்லை. எல்லாமே அறிவியல் இதழ்களில் வெளிவந்தவை. கண் தானத்தில் பொருத்தப்படுவது கருவிழிப்படலம், நரம்பு அல்ல. பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் குளுக்கோமா நோய்க்கான சொட்டு மருந்தை இந்தச் செய்தியை நம்பி நிறுத்திவிடாதீர்கள். போன இழையை எந்த மருந்தாலும் இன்று மீட்க முடியாது.